நுரையும் உரையும்

மாணவர் இதழில் மதுவைப் பற்றி எழுதலாமா என்று கேட்பவர் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரின் வழிவந்தவர்கள் நாம். குடியால் கெட்ட குடும்பங்களை ஏட்டில் மட்டுமல்ல, நாட்டிலும் வீட்டிலும் கண்டவர்கள் நாம். ஆயினும் கண்முன் நடப்பதைக் காணாததுபோல் இருந்துவிடுவது ஒழுக்கம் ஆகாது. நம் மன்றத்து நண்பர் பலர் சனிக்கிழமை மாலைகளில் எங்கே செல்கின்றனர் என்பது எல்லாருக்கும் தெரியும். சென்று வந்தவர்கள் என்ன பேசுகின்றனர் என்பதும் தெரியும். அந்தப் பேச்சைப் பற்றியதே இக்கட்டுரை. குடிக்கச் சொல்ல இதை எழுதவில்லை. குடிப்பவரைத் தூற்றவும் எழுதவில்லை. சுவைத்துவிட்டுச் சொல்லும் சொல்லில் நேர்மை வேண்டும் என்பதே என் வழக்கு.

நாம் வாழும் பொம்மனஹள்ளியை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 2007-இல் பெங்களூர் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட ஊர் இது. ஓசூர் சாலை நடுவே ஓடுகிறது. ஒருபக்கம் ஆயத்த ஆடை ஆலைகள். காலையில் சாரை சாரையாகப் பெண்கள் உள்ளே போகிறார்கள். அவர்கள் பேச்சில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கின்றன. சற்றே நடந்தால் எச்.எஸ்.ஆர். லேஅவுட்; அப்பால் கோரமங்கலம், சர்ஜாப்பூர் சாலை. அங்கே பளபளக்கும் செப்பு அண்டாக்களைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தி, அங்கேயே ஆக்கிய பீரை அங்கேயே பரிமாறும் கூடங்கள். இரண்டும் ஒரே ஊர். இரண்டும் ஒரே சாலை. ஆனால் ஒன்றை ஒன்று ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

இங்கேதான் முதல் வினா எழுகிறது. ஊரில் தகப்பன் டாஸ்மாக் கடையில் குடித்தால் குடிகாரன். மகன் பெங்களூரில் கண்ணாடிக் கோப்பையில் குடித்தால் ரசிகன்! தகப்பன் குடித்ததற்குத் தாய் அழுதாள். மகன் குடித்ததற்குப் படம் எடுத்து நண்பர்கள் பாராட்டுகிறார்கள். இருவர் உடலிலும் ஓடுவது ஒரே சாராயச் சத்துதானே? இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? சுவையிலிருந்து வந்ததென்றால் மகிழ்ச்சி. அதைப் பற்றிப் பேசலாம். காசிலிருந்து வந்ததென்றால், நண்பர்களே, அது வெட்கப்பட வேண்டிய செய்தி.

சுவையைப் பற்றியே முதலில் பேசுவோம். பீர் இந்நகருக்குப் புதிதன்று. வெள்ளையர் படைவீடு இங்கே அமைந்த காலந்தொட்டே பீரும் உடன் வந்தது. நம் நீலகிரியில் 1857-இல் காசில் பீர் ஆலை தோன்றியது. பெங்களூரில் 1885-இல் ஓர் ஆலை எழுந்தது. இவைபோன்ற தென்னாட்டு ஆலைகள் ஐந்தினை ஒன்றாக்கி, தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1915-இல் யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நாடு விடுதலை பெற்ற 1947-இல் விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய இயக்குநர் ஆனார். அதன் கிங்ஃபிஷர் நாடெங்கும் பரவியது. 2021-இல் அந்நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு நெதர்லாந்தின் ஹைனெகன் கைக்குப் போயிற்று. வெள்ளையரிடமிருந்து நம்மவர்க்கு வந்து, மீண்டும் கடல்கடந்து போன கதை அது.

பேரளவில் ஆக்கி, எங்கும் ஒரே சுவையாக, கடுங்குளிரில் கொடுக்கும் பீர் அது. அதற்கு மாற்றாக எழுந்தவையே சிறு பீர் ஆலைகள். 2009-இல் புனே நகரில் தூலாலி தொடங்கியது. பெங்களூரில் 2011-இல் பியர் கிளப் விட்டல் மல்லையா சாலையில் திறந்தது. பழைய பேராலை நின்ற இடத்தில் யு.பி. சிட்டி மாளிகை எழுந்திருக்கும் அதே சாலை! இந்திராநகரில் டாயிட் பெயர் பெற்றது. 2012-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆலையொன்றின் உறவாக ஆர்பர் வந்தது. அதே ஆண்டில் வைட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ் வந்தது. இன்று நகரில் இவை பல பத்துகளாகப் பெருகிவிட்டன. வேறெந்த நகரை விடவும் பெங்களூரே இதற்குப் பெயர் பெற்றது என்றால் மிகையன்று.

ஆலைகள் வளர்ந்தன, அவற்றை மதிப்பிடும் உரை வளர்ந்ததா? இல்லை என்பேன். நண்பர் எழுதும் மதிப்புரைகளைப் பாருங்கள். இருக்கை எப்படி, விளக்கு எப்படி, பாட்டு எப்படி என்பது பாதி. "அருமை", "சூப்பர்" என்பது மீதி. பீர் எங்கே? பீரைப் பற்றிப் பேசத் தொடங்கினாலோ, அமெரிக்க ஏடுகளின் சொற்கள் வந்து விழுகின்றன. பைன் மரத்தின் மணமாம், கிரேப்ஃபுரூட்டின் சாயலாம். பைன் மரத்தை அருகில் நின்று முகர்ந்தவர் நம்மில் எத்தனை பேர்? இல்லாத நினைவை இருப்பதாகக் காட்டுவது பொய்யன்றி வேறென்ன?

பீரைப் பற்றிய எழுத்தை மதிக்கத்தக்க எழுத்தாக்கியவர் இங்கிலாந்தின் மைக்கேல் ஜாக்சன். பாடகர் அல்லர், இவர் 1942-இல் பிறந்து 2007-இல் மறைந்த எழுத்தாளர். 1977-இல் வெளிவந்த அவர் நூல் உலகப் பீர்களை வகைப்படுத்திக் காட்டியது. இலங்கையின் லயன் ஸ்டௌட்டை உலகறியச் செய்தவர்களில் அவரும் ஒருவர். அவர் செய்ததன் சாரம் இதுதான்: எந்த ஊரில், எந்தத் தானியத்தால், எந்த முறையில் ஆக்கியது என்று முதலில் கேட்டார், பிறகு தாம் அறிந்த சொல்லால் சுவையைச் சொன்னார். நாமும் நாம் அறிந்த சொல்லால் சொன்னால் என்ன?

தமிழனுக்குச் சொல்லா பஞ்சம்? அறுசுவைக்கும் பெயர் வைத்தவர்கள் நாம். பீரின் உயிர்நாடி கைப்பு. ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ தருவது அது. அக்கைப்பு பாகற்காயின் கைப்பா, சுண்டை வற்றலின் கைப்பா, வேப்பம்பூ ரசத்தின் கைப்பா? மூன்றும் வேறு என்பதை நம் நாக்கு அறியும். புளிப்பு என்றால் எலுமிச்சையா, மாங்காயா, மறுநாள் நீராகாரமா? மணம் என்றால் நார்த்தை இலையா, கிடாரங்காய்த் தோலா? முளைகட்டி வறுத்த வாற்கோதுமையின் மணத்துக்குப் பொரிகடலையும் அரிசிப் பொரியும் இருக்கின்றன. கருநிறப் பீருக்குக் கெட்டி டிக்காக்ஷனும் கருப்பட்டியும் இருக்கின்றன. இப்படிச் சொன்னால் பாட்டிக்கும் புரியும். பக்கத்து அறை நண்பனுக்கும் புரியும்.

அப்படிச் சுவைத்த சிலவற்றைச் சொல்கிறேன். ஆர்பரின் பெங்களூர் பிளிஸ், ஜெர்மானிய முறைக் கோதுமைப் பீர். மங்கலான மஞ்சள், மேலே தடித்த நுரை. முகர்ந்தால் கனிந்த வாழைப்பழம், பின்னால் கிராம்பு. பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை. அவ்வகை ஈஸ்ட்டே புளிக்கும்போது அம்மணங்களை உண்டாக்குகிறது. நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது. அதே ஆலையின் ரேஜிங் எலிஃபன்ட், ஐ.பி.ஏ. என்னும் இனம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய பீர், நெடுவழியில் கெடாதிருக்க ஹாப்ஸ் மிகுதியாகச் சேர்க்கப்பட்டது. அந்த மரபில் வந்த பெயர். முதல் மடக்கில் நார்த்தங்காய்த் தோல்; விழுங்கியபின் நாக்கின் அடியில் சுண்டை வற்றலின் கைப்பு நெடுநேரம் நிற்கிறது. ஊறுகாய் பழகிய நாக்குக்கு அது பகையன்று. டாயிட்டின் பாஸ்மதி பிளாண்ட், பெயர் சொல்வதுபோல் அரிசி சேர்ந்தது. மெலிந்த உடல், வாயில் தங்காமல் ஓடுகிறது. வடித்த கஞ்சியின் இலேசான இனிப்பு உண்டு. புதிதாகச் சுவைப்பவர்க்கு இனிது. கைப்பை நாடுவோர்க்குப் போதாது. இவை என் நாக்கின் தீர்ப்பு. உங்கள் நாக்கு மறுத்தால் மறுப்பை எழுதுங்கள்.

குறையையும் சொல்லத் தெரிய வேண்டும். பீரில் வெண்ணெய் மணம் தூக்கலாக வீசினால், பெரும்பாலும் புளிப்பு முற்றுமுன் அவசரப்பட்டிருக்கிறார்கள். நனைந்த அட்டையின் வாடை வந்தால் காற்றுப்பட்டுப் பழசாகியிருக்கிறது. பல் கூசும் குளிரில் கொடுத்தால் சுவை தெரியாது. எதை மறைக்க அக்குளிர் என்று கேளுங்கள். சிறு ஆலைகளில் ஏல் இனமே மிகுதியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஏல் இருபது பாகை வெப்ப அளவில் ஒரு வாரத்திற்குள் புளித்துவிடும். லாகர் பத்துப் பாகையளவில் புளித்துப் பல வாரம் குளிரில் கிடக்க வேண்டும். இடமும் அண்டாவும் குறைந்தவர்க்கு ஏலே கைகொடுக்கும்.

"எல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நமக்கும் இதற்கும் என்ன?" என்று சில தமிழ்ப் பற்றாளர் கேட்பர். அவர்களுக்குச் சங்க நூலே விடை சொல்லும். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையை எடுத்துப் பாருங்கள். வலைஞர் குடியிருப்பில் மது ஆக்கும் முறையை அங்கே படிப்படியாகச் சொல்கிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாய்த் தட்டில் ஆறவிட்டு, முளைத் தானியத்தின் நல்லடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் முற்ற விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கும் மது அது. களி வேகவைத்தல், முளைத் தானியம் கலத்தல், ஆறவிடுதல், நாள் கணக்கிட்டுப் புளிக்கவிடுதல்: பீர் ஆலையின் செப்பு அண்டாக்களில் இன்று நடப்பதும் ஏறத்தாழ இதுவே. அந்நூலே வீட்டில் ஆக்கிய நெற்கள்ளுக்குத் தோப்பி என்று பெயரும் சொல்கிறது. பவேரியாவில் பீருக்குச் சட்டம் வகுத்தது 1516-இல். நம் பாட்டு அதற்குப் பல நூற்றாண்டு முந்தியது. பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. தானியத்தைப் புளிக்கவைக்கும் கைத்திறன் நமக்கு அயலன்று என்பதற்காகச் சொல்கிறேன். அதே இலக்கிய மரபுதான் கள்ளுண்ணாமையையும் நமக்குக் கொடுத்தது. இரண்டையும் ஒருங்கே ஏற்பவனே தமிழ் படித்தவன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தமிழகத்தில் 1937-இல் சேலத்தில் மதுவிலக்கு தொடங்கியது, 1971-இல் தளர்ந்தது, 1974-இல் மீண்டது, 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது, 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 1987 முதல் கள் இறக்கத் தடை. பனையேறி இறக்கினால் குற்றம். ஆலையில் செய்து அடைத்தால் வருவாய்! கள்ளைப் பற்றிய கருத்து எதுவாயினும் ஆகுக. ஆனால் பெங்களூரில் கோதுமைப் பீரின் கிராம்பு மணத்தை வியக்கும் தமிழ் மாணவன், பனையேறியின் பானையைக் கண்டு மூக்கைப் பொத்தினால், அவன் வியந்தது மணத்தையா, விலைப்பட்டியலையா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். என்ன குடிக்கிறோம் என்று தெரியாமல், தெரிந்துகொள்ள வழியும் இல்லாமல் மாண்ட ஏழைகள் அவர்கள். எதனால் ஆனது, எவ்வளவு வலியது என்று தெரிந்து குடிப்பது பணம் படைத்தவனுக்கு மட்டும் உரிய சலுகையா?

எனவே வலிமையைப் பற்றிச் சொல்லாத மதிப்புரை மதிப்புரையே அன்று. கணக்கு எளிது. நூற்றுக்கு ஐந்து பங்கு சாராயச் சத்துள்ள பீர் அரை லிட்டரில் இருபத்தைந்து மில்லி லிட்டர் சத்து. நம் நாட்டு விஸ்கி நூற்றுக்கு 42.8, முப்பது மில்லி லிட்டர் சிறு பெக்கில் ஏறத்தாழப் பதின்மூன்று மில்லி லிட்டர். ஆக ஒரு பெரிய கோப்பைப் பீர், இரண்டு சிறு பெக்குக்குச் சமம். "பீர்தானே!" என்று மூன்று கோப்பை குடித்தவன் ஆறு பெக் குடித்திருக்கிறான். தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என 2023 ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. சுவைப்பவன் அந்த உண்மையைத் தெரிந்தே சுவைக்க வேண்டும். கர்நாடகத்தில் இருபத்தொரு வயது நிரம்பாதவர்க்கு இடமில்லை. அதைப் பதினெட்டாகக் குறைக்க எழுந்த வரைவும் எதிர்ப்பால் 2023-இல் கைவிடப்பட்டது. இளங்கலைத் தம்பிமாரை இழுத்துச் செல்லும் அண்ணன்மார் இதைக் கவனிக்க. வண்டியோட்டிச் செல்வோரும் கவனிக்க: நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் முப்பது மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம், முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறையோ, பதினாயிரம் ரூபாய் தண்டமோ, இரண்டுமோ கிடைக்கும்.

அடுத்தது நீர். பீரில் பெரும்பங்கு நீரே. பெங்களூர் குடிக்கும் காவிரி, தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவு, ஐந்நூறு மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு வருவது. சிக்கனமாக நடக்கும் பேராலையிலும் ஒரு லிட்டர் பீருக்கு மூன்று நான்கு லிட்டர் நீர் வேண்டும். சிறு ஆலையில் இன்னும் கூடும். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, குடிநீரால் வண்டி கழுவினால் ஐயாயிரம் ரூபாய் தண்டம் என்று குடிநீர் வாரியம் விதித்தது. நம் பகுதி லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தது. பொம்மனஹள்ளி வட்டாரம் உள்ளிட்ட 110 கிராமங்களுக்கான காவிரி ஐந்தாம் கட்டம் அவ்வாண்டு அக்டோபரில்தான் தொடங்கியது. காவிரிக்காக இரு மாநிலம் மோதும்போது நாம் முழக்கமிடுகிறோம். கோப்பையில் காவிரி எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை. "உங்கள் ஆலை எத்தனை லிட்டர் நீருக்கு ஒரு லிட்டர் பீர் ஆக்குகிறது? கழிவுநீரை மறுபடி பயன்படுத்துகிறதா?" என்று கேட்பது நம் உரிமை. விடை சொல்லும் ஆலையை வெளிப்படையாகப் பாராட்டுவோம்.

இறுதியாக விலை. இக்கூடங்கள் பலவற்றில் இரண்டு கோப்பையின் விலை, நம் ஊர் ஆடை ஆலையில் தையல் எந்திரத்தின்முன் குனிந்திருக்கும் பெண்ணின் ஒருநாள் கூலியைத் தாண்டும். 2016 ஏப்ரலில் வருங்கால வைப்புநிதியை எடுக்கத் தடைபோட்ட விதியை எதிர்த்து ஆயிரக்கணக்கான அப்பெண்கள் இதே ஓசூர் சாலையில் இறங்கினார்கள். நடுவண் அரசு அவ்விதியைத் திரும்பப் பெற்றது. தம் சேமிப்பின் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்டவர்கள் அவர்கள். அவர்களுள் ஒருத்தி நம்மில் ஒருவனுக்குத் தாயாகவோ அக்காவாகவோ இருக்கக்கூடும். அவள் அனுப்பும் பணத்தில் படிப்பவன், நண்பர் கேலிக்கு அஞ்சிக் கோப்பை தூக்குவானானால், அதைச் சுவை என்று சொல்லாதீர்கள்.

ஆகவே நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். இனி எவர் பீர் மதிப்புரை எழுதினாலும் ஆறு செய்திகள் அதில் இருக்கட்டும்: எந்தத் தானியம், என்ன வகை, எவ்வளவு வலிமை, எத்தனை நீர், என்ன விலை, நாக்கில் என்ன சுவை. சுவையைத் தமிழில், நாம் உண்டறிந்த பொருளால் சொல்லட்டும். குறையைக் குறையென்றே எழுதட்டும். இலவசக் கோப்பை பெற்றவர் எழுதாதிருக்கட்டும். நம் மன்ற விழாக்களில் குடிக்காதவர் காரணம் சொல்ல வேண்டிய நிலை இல்லாதிருக்கட்டும். மோரும் இளநீரும் கேட்டவரைப் பார்த்துச் சிரிப்பவன் சுவையறிந்தவன் அல்லன். சுவை என்பது வேண்டாம் என்று சொல்லத் தெரிவதையும் உள்ளடக்கியது.

தோழர்களே! நுரை அடங்கிவிடும், உரை நிற்கும். தகப்பனை ஓர் அளவுகோலாலும் தம்மை ஓர் அளவுகோலாலும் அளக்கும் தலைமுறையாக நாம் ஆகவேண்டாம். குடிப்பவர் கணக்கறிந்து, காசறிந்து, ஊரறிந்து குடிக்கட்டும். குடியாதவர் தலைநிமிர்ந்து உடன் அமரட்டும். எழுதுபவர் உண்மையை எழுதட்டும்.